முதலாவது மாஸ்டருடையது

இரண்டாவது வரியிலிருந்து தொடங்குகிறேன். முதல் வரியை விட்டு வைத்திருக்கிறேன். ஏன் என்பது போகப் போக விளங்கும். விளங்காதவர்கள் உங்களில் யாராவது இருந்தால், மாஸ்டரின் படிக்கட்டில் கொப்பியும் கையுமாக நின்றதையே நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று அர்த்தம்.

மாஸ்டரின் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அடிக்கிறீர்கள். நல்லது. கலர் அட்டை, நடுவில் படம், படத்தைச் சுற்றிப் பூ, பின்பக்கத்தில் நன்றி நவிலல். இத்தாலியில், இந்தப் பலெர்மோவில் யாராவது செத்தால்தான் எங்கள் ஆட்களுக்குத் தமிழில் அச்சடிக்கத் தோன்றும். என்னிடம் சின்ன வயது ஞாபகம் ஒன்று எழுதித் தரச் சொன்னீர்கள். அதோடு விட்டீர்களா? எனக்குத் தொடங்கக் கஷ்டமாக இருக்கும் என்று முதல் வரியையும் நீங்களே எழுதி அனுப்பினீர்கள். 'எங்கள் கல்விக் கண்ணைத் திறந்து வைத்த கைராசிக்காரர்.' அதை வாசித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு சிஞ்ஞோரா சுவரில் தட்டினார்.

எல்லாரும் தலைக்கு மை பூசுகிற வயதுக்கு வந்துவிட்டோம். இனியாவது உண்மையைச் சொல்லலாம். மாஸ்டர் எங்களுக்குப் படிப்பிக்கவில்லை. தொடக்கி வைத்தார். இரண்டும் ஒன்று என்று எங்கள் அம்மா அப்பாமார் நினைத்தார்கள். நீங்கள் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

அது எப்படி ஆரம்பித்தது என்று எனக்கு நல்ல ஞாபகம். மாஸ்டர் ஊரில் ரியூசன் நடத்தியவர். அவரிடம் படித்த ஒருவன் டொக்டராகிவிட்டான் என்பது பலெர்மோ முழுக்கத் தெரியும். அவர் என்ன பாடம் படிப்பித்தார் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே வந்து காலையில் கட்டடங்களின் படி கழுவினார். அதை நான் இளக்காரமாகச் சொல்லவில்லை. என் அம்மாவும் பணக்காரர் இருக்கிற லிபெர்த்தாவில் வீடு துடைத்தவர்தான், அப்பாவும் ரெஸ்டோரன்ட் குசினியில் சட்டி கழுவியவர்தான். வேலையில் என்ன இருக்கிறது. எனக்குப் பிடிக்காதது அவருடைய வலது கை. அதை அவர் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்த விதம்.

ஒரு விசயதசமிக்கு அவர் ஒரு சின்னப் பெடியனுக்கு ஏடு தொடக்கினார். மடியில் வைத்து, கையைப் பிடித்து, அரிசியில் 'அ' எழுதுவிக்கிற அதே சடங்குதான். அடுத்த கிழமை அந்தப் பெடியன் இத்தாலியன் பள்ளிக்கூடத்தில் மிக நன்று என்று ஒரு 'பிராவிஸ்ஸிமோ' வாங்கிவிட்டான். அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் நின்ற அம்மாமாருக்குக் கதை போனது. மாஸ்டருக்குக் கைராசி. அவர் தொட்டால் துலங்கும். வேதக்காரர், சைவக்காரர் என்று பார்க்காமல் எல்லா வீட்டுப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனார்கள். வாழ்க்கையில் ஒரு தரம் செய்கிற ஏடு தொடக்கலை எங்கள் ஆட்கள் ஒவ்வொரு நாளும் பின்னேரம் செய்விக்கத் தொடங்கினார்கள்.

அம்மாமாரைப் பாருங்கள். அவர்களுக்கு இத்தாலியன் எழுத்து வராது. பிள்ளையின் கொப்பியைத் திறந்தால் பயம். அந்தப் பயத்தை ஒருவரின் தலையில் கட்டிவிட்டு நிம்மதியாக வேலைக்குப் போகலாம் என்றால் யார்தான் மாட்டேன் என்பார்கள்? அது எனக்கு இப்போது விளங்குகிறது. விளங்கினாலும் கோபம் போகவில்லை.

போர்கோ வெக்கியோவில் எங்கள் வீடு. பள்ளிக்கூடம் விட்டு வந்து, அம்மா மூடி வைத்துவிட்டுப் போன சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, பள்ளிக்கூடத்து நீலக் கிரெம்பியூலே அங்கியைக்கூடக் கழற்றாமல் நானும் தம்பியும் மாஸ்டரின் அறை இருந்த வுச்சீரியாச் சந்தைக்கு நடப்போம். எனக்குப் பத்து வயது, அவனுக்கு ஏழு. அந்த அங்கியின் வெள்ளைக் கழுத்துப்பட்டி ஒரு பொத்தானில் தொங்கும். இப்போது யாரும் அதைக் கஞ்சி போட்டுத் தோய்ப்பதில்லை. சந்தையில் மீன்கடைகள் மூடிய நேரம், கல் தரையில் தண்ணீர் ஊற்றிக் கழுவியிருப்பார்கள். செதிலும் நசுங்கிய எலுமிச்சைத் தோலும் காலடியில் ஓடும். மாஸ்டரின் கட்டடப் படிக்கட்டில் பூனை மூத்திர மணம். ஒரு படிக்கு ஒரு பிள்ளையாக நாங்கள் நிற்போம். மேலே கதவு திறக்கும்போது ஊதுபத்தி வாசமும் காஸ் ஹீட்டரின் தலையிடி மணமும் சேர்ந்து இறங்கும்.

மாஸ்டரிடம் நாலு கலர் பேனா ஒன்று இருந்தது. கட்டையான, வெள்ளையும் நீலமுமான பேனா. உங்களுக்கு அந்த 'டிக்' சத்தம் கேட்கிறதா? பச்சையை அமத்துவார். பக்கத்தின் தலையில் சைவப் பிள்ளைகளுக்குப் பிள்ளையார் சுழி, எங்களைப் போல வேதக்காரருக்குச் சிலுவை. அதற்குப் பக்கத்தில் 'பலெர்மோ' என்று எழுதித் திகதி போடுவார். பிறகு நீலத்தை அமத்தி, கொடுத்த வீட்டுப்பாடத்தில் முதலாவது கணக்கோ முதல் வசனமோ, அதை அவரே செய்வார். கொப்பியை மூடி, அதன் மேல் உள்ளங்கையை வைத்து, 'இனி ஓடும்' என்பார்.

உண்மையாகவே ஓடியது. அதுதான் வேடிக்கை. வீட்டுக்கு வந்து இரண்டாவதிலிருந்து நாங்கள் மளமளவென்று எழுதி முடித்துவிடுவோம். சைவப் பிள்ளைகளின் சுழியை என்ன என்று தெரியாமல் மயெஸ்த்ரா, அதுதான் வகுப்பு ரீச்சர், ஒவ்வொரு நாளும் சிவப்பால் வெட்டுவார். மாஸ்டர் அடுத்த நாள் இன்னும் பெரிதாகப் போடுவார். இரண்டு வளர்ந்த மனிதர்கள் ஒரு சுழிக்காக வருடம் முழுக்கச் சண்டை பிடித்தார்கள். அந்தப் பக்கத்துக்குக் கீழே ஒரு பிள்ளை உட்கார்ந்திருப்பதை இரண்டு பேரும் பார்க்கவில்லை.

மாஸ்டர் தொடாத கொப்பியை ஒருவரும் திறக்கமாட்டோம். மழை என்றால், அவருக்குக் காய்ச்சல் என்றால், அன்றைக்கு வீட்டுப்பாடம் இல்லை. எங்களுக்கு அது சோம்பல்கூட இல்லை. திறந்தால் எல்லாம் பிழையாகிப் போகும் என்று பயம். நான் அந்தப் பயத்திலிருந்து கெதியாகத் தப்பினேன். காரணம் கெட்டித்தனம் இல்லை, எனக்கு அந்தப் படிக்கட்டு மணம் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவுக்குத் தெரியாமல் சில நாட்களில் நானே எழுதிவிடுவேன். வானம் இடிந்து விழவில்லை. தம்பிதான் மாட்டிக்கொண்டான்.

அவன் ஒரு அப்பாவி. சொன்னதை அப்படியே நம்புவான். வீட்டில் மாஸ்டர் தொடக்குவார், சரி. வகுப்பில் யார் தொடக்குவது? மயெஸ்த்ரா கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டுச் செய்யச் சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் குனிந்து எழுதும். இவன் பேனாவைப் பிடித்துக்கொண்டு, நல்ல பிள்ளையாகக் காத்துக்கொண்டிருப்பான். குழப்படி இல்லை, அழுகை இல்லை. மணி அடிக்கும்வரை வெறும் தாள். முதலில் அவர் திட்டினார். பிறகு இவனுக்குக் காது கேட்கவில்லையோ என்று பரிசோதிக்க அனுப்பினார். காது நன்றாகத்தான் இருந்தது.

கடைசியில் அம்மாவைக் கூப்பிட்டார். அம்மா என்ன செய்தார் என்கிறீர்கள்? மொழிபெயர்க்க மாஸ்டரைக் கூட்டிக்கொண்டு வந்தார். வருத்தத்தைக் கொடுத்தவரையே மருந்துக்குக் கேட்டமாதிரி. அவரும் கோட்டுப் போட்டுக்கொண்டு, நெற்றியில் திருநீற்று மூன்று குறியோடு, பள்ளிக்கூடத்துச் சின்னக் கதிரையில் வந்து உட்கார்ந்தார். நானும் தம்பியும் பின்னால் நின்றோம்.

மயெஸ்த்ரா மெதுவாக, சுத்தமான இத்தாலியனில் சொன்னார். இவனுக்கு எல்லாம் தெரிகிறது. ஆனால் தானாகத் தொடங்க முடியாமல் இருக்கிறான். கொப்பியில் முதல் வரி எப்போதும் வேறு யாரோ ஒருவரின் எழுத்தாக இருக்கிறது. தயவுசெய்து யாரும் இவனுக்குத் தொடக்கிக் கொடுக்காதீர்கள்.

மாஸ்டர் தலையை ஆட்டிவிட்டு அம்மாவைப் பார்த்துத் திரும்பினார்.

"பிள்ளைக்குத் தொடக்கம் காணாதாம். இன்னும் வடிவாத் தொடக்கிக் குடுக்கட்டாம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அம்மா, அவ அப்பிடிச் சொல்லேல்லை! ஒருத்தரும் தொடக்கிக் குடுக்க வேண்டாம் எண்டுதான் சொன்னவ."

"பெரியாக்கள் கதைக்கேக்கை குறுக்கை கதையாதை" என்றார் அம்மா.

"பாவம், பிள்ளைக்கு இத்தாலியன் அரைகுறைதானே" என்று மாஸ்டர் சிரித்தார்.

எனக்கு அரைகுறை! பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, புதுப்பிக்க அம்மா அப்பா அலுவலகம் போகும்போது வகுப்பை விட்டுக் கூடப்போய்க் கதைக்கிறவள் நான். இந்த மனிதர் கடையில் சீனி வாங்கக் கையைக் காட்டுகிறவர். ஆனால் ஒன்று. அவர் வேண்டுமென்று பொய் சொன்னார் என்று அன்றைக்கு நினைத்தேன். இன்றைக்கு அப்படி நினைக்கவில்லை. அவருக்கு விளங்கியதே அப்படித்தான். தன்னுடைய கை வேண்டாம் என்று ஒருவர் சொல்லக்கூடும் என்பது அவருடைய மண்டைக்குள் நுழைய வழியே இல்லை.

அடுத்ததை அவர் ஒழுங்காக மொழிபெயர்த்தார். வருடக் கடைசிச் சோதனையிலும் இவன் வெறும் தாள் கொடுத்தால் வகுப்பேற்றமாட்டார்கள்.

அப்பா அதைக் கேட்டுவிட்டு முடிவு சொன்னார். அவர் எப்போதாவதுதான் வீட்டில் இருப்பார், இருந்தால் முடிவு சொல்லுவார். "வகுப்பு ஏத்தாட்டி ஜெர்மனிக்குச் சித்தியிட்டை அனுப்புவம். சித்தி வேலைக்குப் போறேல்லை. பக்கத்திலை இருந்து பாப்பா."

"ஓம், அதுவும் நல்லதுதான்" என்றார் அம்மா, முகத்தைத் திருப்பிக்கொண்டு.

தம்பி அதை மேசைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டான். அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும்போது எங்கள் கட்டடத்துக் கீழ்க் கராஜின் முன்னால் நின்றுவிட்டான். போர்கோ வெக்கியோவில் காரை வீதியில் விட்டுவிட்டுக் கராஜுக்குள் குதிரை வளர்ப்பார்கள், உங்களுக்குத் தெரியாததா. அந்தக் கராஜில் ஒரு கறுப்புக் குதிரை நின்றது. இவன் தினமும் பாண் துண்டு கொண்டுபோய் அதற்குக் கொடுப்பான்.

"அக்கா, ஜெர்மனியிலை குதிரை இருக்கோ?"

"இருக்கும்."

"நீ வருவியோ?"

"நான் ஏன் வாறன்? நான்தான் எழுதுறனே."

அவன் அழவில்லை. பாண் துண்டைக் குதிரைக்கு நீட்டினான். அந்த ஜெர்மனிச் சித்தியை எனக்குத் தெரியும். பிள்ளை இல்லாதவர். தம்பியைக் கண்டால் மடியிலிருந்து இறக்கமாட்டார். போனால் அவன் திரும்பி வரப்போவதில்லை.

இந்த நேரம் பார்த்து மாஸ்டர் வுச்சீரியா அறையை விட்டுவிட்டார். லிபெர்த்தாவில் ஒரு வயதான சிஞ்ஞோரைப் பார்க்கிற வேலை, அங்கேயே தங்கி. ஞாயிறு மட்டும் லீவு. நான் சந்தோசப்பட்டேன். இனியாவது எங்கள் பெற்றோருக்குப் புத்தி வரும், பிள்ளைகளே எழுதட்டும் என்று விட்டுவிடுவார்கள் என்று நம்பினேன். பத்து வயதுதானே.

அவர்கள் எங்களை லிபெர்த்தாவுக்கு அனுப்பினார்கள். அந்தப் பெரிய பலாஸ்ஸோக் கட்டடத்தில் முன்வாசல் மாபிள், பின்வாசலில் வேலைக்காரருக்கு இரும்புப் படி. அந்த இரும்புப் படியில் நாங்கள் வரிசையாக நின்றோம். குசினிக் கதவைக் கொஞ்சம் திறந்து, ஏப்ரனோடு மாஸ்டர் கையை மட்டும் வெளியே நீட்டுவார். 'டிக்', பச்சை. 'டிக்', நீலம். ஒருநாள் அந்த வீட்டு மகள் வெளியே வந்து பார்த்தார். கறுத்த பிள்ளைகளின் வரிசை ஒன்று, கையில் கொப்பி, கதவிடுக்கில் ஒரு கை. அவருக்கு என்ன தோன்றியதோ, வாயைத் திறந்தபடி நின்றார். பிறகு கத்தினாரே ஒரு கத்தல். உங்களில் ஒருத்தி இறங்கி ஓடியதில் ஒரு சப்பாத்தை அங்கேயே விட்டுவிட்டாள். பெயர் சொல்லவில்லை. மலரில் 'மாஸ்டரின் நிழலில்' என்று கவிதை எழுதியிருப்பவள்தான்.

அதற்குப் பிறகு லிபெர்த்தா மூடிவிட்டது. இப்போதாவது புத்தி வந்ததா? இல்லை. எங்கள் பெற்றோர் கூடிக் கதைத்துக் கண்டுபிடித்த வழியைக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயிலுக்கு முன்னால் இருக்கிற பாரில், இங்கே பார் என்றால் கோப்பிக்கடை, மாஸ்டர் உட்காருவார். நாங்கள் நற்கருணை வாங்கிய கையோடு போய் வரிசையில் நிற்போம். அவர் திங்கள் முதல் வெள்ளி வரை முழுக் கிழமைக்குமாக முன்கூட்டியே தொடக்கிக் கொடுப்பார். வீட்டுப்பாடம் என்ன என்று அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. அதனால் பக்கத்துக்குப் பக்கம் சிலுவை, திகதி, அதற்குக் கீழே நீலத்தில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியிலிருந்து பிடித்துக்கொண்டு போகச் சொன்னார். இதைப் பெரிய ஏற்பாடு என்று எல்லா அப்பாமாரும் மெச்சினார்கள். கோயில் வாசலில் நின்று பாதர் இதைப் பார்த்தார். தன்னுடைய பிரசங்கத்துக்கு இவ்வளவு கூட்டம் முண்டியடிக்கவில்லையே என்று அவருக்குக் கவலை.

புள்ளி தம்பிக்குப் போதவில்லை. அவனுக்கு வேண்டியது முதலாவது கணக்கு.

ஒரு பின்னேரம் நானும் அவனும் வீட்டில் தனியே. மேசையில் மெழுகுத்துணி விரிப்பு, முழங்கை ஒட்டும். வெளியே சின்ன வான் வண்டியில் ஸ்பின்ச்சோனே ரொட்டி விற்கிறவன் ஒலிபெருக்கியில் கத்திக்கொண்டு போனான், தக்காளியும் வெங்காயமும் வெந்த மணம் மூன்றாம் மாடிவரை வந்தது. தம்பியின் முன்னால் கொப்பி. சிலுவை, திகதி, புள்ளி. கூட்டல் கணக்குகள். இவன் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நான் என்னென்னவோ செய்து பார்த்தேன். கெஞ்சினேன். தலையில் குட்டினேன். ஜெர்மனியில் பனி, காது விறைத்து விழுந்துவிடும் என்று வெருட்டினேன். மாஸ்டரின் எழுத்தைப்போல நானே முதலாவதை எழுதிப் பார்த்தேன். கண்டுபிடித்துவிட்டான்.

"இது மாஸ்டற்றை இல்லை. நீ எழுதினது."

எனக்குப் பொறுமை போய்விட்டது. மாஸ்டரின் மேல், அம்மாவின் மேல், இந்த மக்குத் தம்பியின் மேல், எல்லாரின் மேலும் வந்த ஆத்திரத்தில் நான் எழுதியதை அழிறப்பரால் தேய்த்துத் தேய்த்துத் தாள் கிழிகிற அளவுக்கு அழித்தேன்.

"சரி, முதலாவது மாஸ்டற்றை! அதை நீ தொடாதை. ஞாயிற்றுக்கிழமை அவர் வந்து செய்யட்டும்."

அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். "அப்ப ரெண்டாவது?"

"ரெண்டாவது உன்ரை. முந்தியும் உன்ரைதானே."

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு முதலாவது கணக்குக்குரிய கட்டங்களை அளந்து வெறுமையாக விட்டான். குனிந்தான். இரண்டாவதை எழுதினான், மூன்றாவதை எழுதினான், நாக்கை வெளியே நீட்டிக்கொண்டு கடைசிவரை எழுதினான். எல்லாம் சரி. நான் பக்கத்தில் நின்றபடி வாயைத் திறக்கவே இல்லை. திறந்தால் நின்றுவிடுமோ என்று பயம். முடித்துவிட்டுப் பாண் துண்டை எடுத்துக்கொண்டு குதிரையிடம் ஓடிவிட்டான்.

அன்றிலிருந்து ஒவ்வொரு நாளும் அப்படித்தான். நான் மேசைக்குக் கிட்டப் போவதை நிறுத்தினேன். முதலில் அடுத்த அறையில் நின்றேன், பிறகு கீழே விளையாடப் போனேன். அவன் தானாகக் கொப்பியைத் திறப்பான், முதலாவதை விடுவான், மற்றதைச் செய்வான்.

ஞாயிறு வந்தது. மாஸ்டர் பாரில் இருந்து கொப்பியைப் புரட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் முதலாவது கணக்கு வெறுமை, கீழே எல்லாம் செய்து முடிந்திருக்கிறது. யாராக இருந்தாலும் ஒரு நிமிடம் யோசிப்பார்கள். அவர் யோசிக்கவில்லை. பேனாவை எடுத்து எல்லா முதலாவதையும் நிரப்பிவிட்டு அம்மாவைக் கூப்பிட்டார்.

"பாத்தியளோ? நான் தொடக்கினா ஓடும் எண்டு சொன்னனான்."

ஏற்கெனவே ஓடி முடிந்த பிறகு தொடக்கியவர் உலகத்திலேயே அவர் ஒருவர்தான். அம்மா கொப்பியைக் கண்ணில் ஒற்றினார். நான் சொல்ல வாயெடுத்தேன். பள்ளிக்கூடத்துச் சின்னக் கதிரை ஞாபகம் வந்தது, விட்டுவிட்டேன். திங்கட்கிழமை மயெஸ்த்ரா அந்தக் கிழமைக் கொப்பியை மொத்தமாகத் திருத்தினார். தம்பி செய்தது எல்லாம் சரி. நாற்பத்தெட்டும் இருபத்தேழும் அறுபத்தைந்து என்று நீலத்தில் எழுதியிருந்த மாஸ்டரின் கணக்குக்கு மட்டும் சிவப்புக் கோடு. பேச்சு மும்முரத்தில் ஒன்றை மனதில் வைக்க மறந்துவிட்டார். அதை நான் அம்மாவுக்குக் காட்டினேன். பேனாவின் பிழையாக இருக்கும் என்றார்.

சோதனை நாள் வந்தது. அன்று காலை அம்மா வேலைக்குப் பிந்தினாலும் பரவாயில்லை என்று மாஸ்டரைத் தேடிப் போய், அவர் தொட்ட பேனா ஒன்றை வாங்கிவந்து தம்பியின் பையில் வைத்தார். தம்பி அதைக் குதிரைக் கராஜின் முன்னாலேயே தொலைத்துவிட்டான். என் பேனாவைக் கொடுத்தேன். இது எனக்கும் அவனுக்கும் மட்டும் தெரியும். அவன் மறந்திருப்பான்.

நான் என் வகுப்பில் இருந்தேன், ஒன்றும் ஓடவில்லை. இடைவேளையில் விறாந்தையால் ஓடிப்போய் அவனுடைய வகுப்புக் கதவால் எட்டிப் பார்த்தேன். மயெஸ்த்ராவின் கையில் அவனுடைய தாள். என்னைக் கண்டதும் கூப்பிட்டார்.

தாள் நிறைய எழுத்து. தலையில் மட்டும் ஒரு கணக்குக்கு அளவான இடம், சுத்தமாக, வெறுமையாக.

"ஏன் இதை விட்டாய் என்று கேட்டேன். அது மாஸ்டருடையது என்கிறான். மாஸ்டர் யார்?" என்று கேட்டார். அன்றைக்கு மொழிபெயர்க்க வந்தவர்தான் மாஸ்டர் என்று அவருக்குத் தெரியாது. நான் பதில் சொல்லுவதற்குள் அவரே குரலைத் தாழ்த்தி, "உங்கள் சமயத்தில் முதற்பலனைக் கடவுளுக்கு விடுகிற வழக்கமா?" என்றார். கண் கலங்கியிருந்தது. மதிக்கவேண்டிய வழக்கம் என்று சொன்னார். அவருடைய பங்குக் கோயிலில்தான் நான் முதல் நன்மை வாங்கினேன், அவர் எனக்கு மூன்று வாங்கு வரிசை முன்னால் இருந்தார். ஆனாலும் கறுத்த பிள்ளை என்றால் வேறு கடவுள்தான். ஓம் என்றேன். மாஸ்டரைக் கடவுளாக்கினால் தம்பி வகுப்பேறுவான் என்றால் ஆக்கிவிட்டுப் போகிறேன்.

வகுப்பேறினான். ஜெர்மனிக் கதை நின்றது. அம்மா ஒரு பெட்டி கன்னோலி இனிப்பும் சேட்டுத்துணியும் வாங்கி, தம்பிக்கு வெள்ளைச் சேட்டுப் போட்டு, மாஸ்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். தம்பி அவருடைய காலில் விழுந்தான். மாஸ்டர் வலது கையை அவன் தலையில் வைத்தார். நான் கன்னோலிப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஒரு கன்னோலிகூட.

இனி உங்களைப் பற்றி. மாஸ்டரையாவது மன்னிக்கலாம், அவர் தன் கையை உண்மையாக நம்பினார். நீங்கள்? இந்த ஊரிலேயே படித்தீர்கள், இத்தாலியன் தண்ணீர்பட்ட பாடு. பள்ளிக்கூடம் வீட்டுப்பாடத்தைச் செல்போனுக்கு அனுப்புகிறது. பிள்ளை பையைத் திறக்கமுதல் நீங்கள் செல்போனைத் திறக்கிறீர்கள். வகுப்பு வாட்ஸப் குழுவில் அம்மாமார் கணக்குச் செய்கிறீர்கள். பிள்ளைக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு, பென்சிலைச் சீவி, பக்கத்தைப் புரட்டி, விரலால் தொட்டுக் காட்டுகிறீர்கள். உங்களில் ஒருத்தியின் வீட்டுக்குப் போனபோது அவளுடைய ஒன்பது வயதுப் பெடியன் கையைக் கட்டிக்கொண்டு இருந்தான். "அம்மா, கொமின்ச்சா தூ" என்றான். நீ தொடங்கு என்று கட்டளை. அவள் தொடங்கினாள். மாஸ்டர் ஒருவர் போனார், வீட்டுக்கு வீடு மாஸ்டர் வந்துவிட்டார்கள். இவர்களுக்கு அந்த நாலு கலர் பேனாவும் இல்லை.

போன ஞாயிறு தம்பி வீட்டுக்குப் போனேன். மலர்க்குழுவின் செயலாளர் அவன்தான். அந்த 'கல்விக் கண்ணைத் திறந்து வைத்த கைராசிக்காரர்' அவன் எழுதிய வரிதான், அவன் எழுத்தென்றால் எனக்குத் தெரியாதா.

"அக்கா, நீ இன்னும் எழுதேல்லையோ? நான் தொடக்கித் தந்தனானெல்லே."

"எழுதுறன்."

"அவர் இல்லாட்டி நான் இண்டைக்கு எங்கை இருந்திருப்பன் சொல்லு."

ஜெர்மனியில் என்று சொல்ல வாய்வரை வந்தது. அவனுடைய மகள் மேசையில் கணக்குக் கொப்பியோடு இருந்தாள். ஏழு வயது. அவன் பேச்சோடு பேச்சாகப் பக்கத்தில் உட்கார்ந்து பேனாவைத் திறந்து, மாஸ்டரைப்போலவே பக்கத்தின் தலையில் கையை வைத்தான். எனக்கு எரிச்சலில் எழும்பிப் போய்விடலாம்போல இருந்தது. அந்த நேரம் அச்சகத்தில் இருந்து போன் வந்தது. மலருக்கு எந்தப் பூ என்று கேட்டார்கள். அவன் பல்கனிக்குப் போய்க் கதைத்தான். பூ விசயத்தில் எங்கள் ஆட்கள் சுருக்கமாகக் கதைக்கமாட்டார்கள்.

பிள்ளை கொஞ்ச நேரம் பல்கனியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலைப் பார்த்தேன். பிறகு பேனாவை எடுத்தாள்.

தம்பி திரும்பி வந்தபோது அவள் கொப்பியை அவன் பக்கம் தள்ளினாள். கீழே எல்லாக் கணக்கும் செய்து முடிந்திருந்தது. மேலே ஒன்றுக்கு அளவாக இடம், அளந்து விட்டிருந்தாள்.

"முதலாவது உங்கடை, பப்பா. நான் தொடேல்லை" என்றாள், அவனுடைய மனம் நோகக்கூடாது என்பதுபோல.

தம்பி கொப்பியைப் பார்த்தபடி நின்றான். அவனுடைய முகம் மாறுவதை நான் பார்த்தேன். கதிரையை இழுத்து உட்கார்ந்தான், எழும்பினான், என்னிடம் திரும்பினான்.

"நீயோ சொல்லிக் குடுத்தது?"

"நான் ஒரு வார்த்தை கதைக்கேல்லை."

அதுதான் உண்மை. அவன் பேனாவை மூடிச் சட்டைப் பையில் வைத்தான். அந்த இடத்தை அவன் நிரப்பவில்லை.

இதன் தலையில் ஒரு வரிக்கு இடம் விட்டிருக்கிறேன், தம்பி. இப்போதும் நீ அனுப்பிய வரியைத்தான் அதில் போடப் போகிறாய் என்றால், போடு.